நோக்காடுன்னா நாங்க எறங்குவோம்

எங்கள் சேரியில் எந்தத் திண்ணையில் உட்கார்ந்தாலும் கொடைக்கானல் மலை தெரியும். வத்தலக்குண்டுப் பக்கம் எங்கள் ஊர். ராத்திரியானால் உச்சியில் விளக்குகள் மினுக்கும். அம்மா ஆயுசு பூராவும் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே நாற்று நட்டாள், களை பறித்தாள், கதிர் அறுத்தாள். ஒருநாள்கூட மேலே போனதில்லை. பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரம்தான். கூப்பிட்டால், "அங்க போயி நமக்கு என்ன வேல பாப்பா? ஒருநா கூலி போயிரும்" என்பாள். 2011இல் செத்துப்போனாள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய். வயசு நாற்பத்தொன்பது.

2020 ஜனவரியில் அந்த மலைமேல் நான் ஏறினேன். பஸ்ஸில் இல்லை, கால்நடையாக. புற்றுநோய்க்குப் பணம் திரட்டுவதற்காக. இதைச் சொன்னபோது எங்கள் தோழர்களில் பாதிப்பேர் சிரித்தார்கள். மீதிப்பேர் கோபப்பட்டார்கள். அந்தச் சிரிப்புக்கும் கோபத்துக்கும் அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. இப்போதும் முழுப் பதில் இல்லை. நடந்ததை மட்டும் எழுதுகிறேன்.

அழைத்தவள் எம்.ஏ. தமிழ் என்னோடு படித்த தோழி. இப்போது சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. அவளுடைய மாமியாருக்கு மார்பில் புற்று வந்து பிழைத்துக்கொண்டார். அதிலிருந்து அவள் ஒரு தொண்டு அமைப்போடு சேர்ந்து வேலை செய்கிறாள். வருசம் ஒரு மலை. ஏறுகிற ஒவ்வொருவரும் தெரிந்தவர்களிடம் பத்தாயிரம் ரூபாய்க்குக் குறையாமல் வசூலித்துத் தரவேண்டும். "நீ ஏறுறதுக்காக அவங்க குடுப்பாங்கடி. நீ கஷ்டப்படுறத பாத்துட்டுக் குடுப்பாங்க" என்றாள்.

எனக்கு இது விளங்கவே இல்லை. ஒரு மனுசி கஷ்டப்படுவதைப் பார்த்துக் காசு கொடுப்பார்கள் என்றால் எங்கள் சேரி என்றைக்கோ கோடீஸ்வரச் சேரி ஆகியிருக்குமே! அவளிடம் அப்படியே கேட்டேன். சிரித்துவிட்டு டெர்ரி ஃபாக்ஸ் கதையைச் சொன்னாள். கனடாவில் எலும்புப் புற்றால் ஒரு காலை இழந்த பையன். 1980இல் செயற்கைக் கால் மாட்டிக்கொண்டு, புற்றுநோய் ஆராய்ச்சிக்குப் பணம் கேட்டு அந்த தேசத்தின் குறுக்கே ஓடினான். 143 நாள் ஓடியபின் புற்று நுரையீரலுக்குப் போய்விட்டது, நின்றுபோனான். அடுத்த வருசம் இறந்தான். அவனுக்குப் பின்னால்தான் ஓடுவது, ஏறுவது, மிதிவண்டி மிதிப்பது எல்லாம் உலகம் முழுக்கப் பரவியது என்றாள்.

நோயில் விழுந்தவன் ஓடினான், சரி. நோயாளியைப் பெற்றவர்களும் பிள்ளைகளும் ஓடுகிறார்கள், அதுவும் சரி. ஆனால் வைத்தியம் பார்க்கவேண்டிய அரசாங்கம் என்ன செய்துகொண்டிருக்கிறது? இதைத்தான் எங்கள் இயக்கத்தில் மூத்த தோழர் ஒருவர் கேட்டார். "தோழர், ஆஸ்பத்திரிய வரிப்பணத்துல கட்டணும். நீங்க மலையேறிக் கட்டுனா அவன் நிம்மதியாத் தூங்குவான்." அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. ஆனால் அவர் அம்மாவுக்குப் புற்று வரவில்லை. அதையும் சொல்லவேண்டும்.

தோழி கடைசியாக ஒன்று சொன்னாள். "பூர்ணா ஏறலியா? நீ கொடைக்கானல் ஏறமாட்டியா?" மாலாவத் பூர்ணா ஆதிவாசிப் பிள்ளை. 2014 மே 25இல் பதினான்கு வயதுகூட நிறையாமல் எவரெஸ்டில் நின்றவள். அவளோடு ஏறிய ஆனந்த்குமார் தலித் பையன். இரண்டு பேரும் ஒடுக்கப்பட்டோருக்கான அரசு சமூகநல உறைவிடப் பள்ளிப் பிள்ளைகள். போனகிரிப் பாறையில் ஏறிப் பழகியவர்கள். அந்தச் செய்தி வந்த அன்றைக்கு நான் நடத்துகிற மாலைநேரப் பள்ளியில் பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்தேன். அந்த ஞாபகத்தை வைத்து அடித்தாள். நான் ஒத்துக்கொண்டேன்.

உண்மையில் ஒத்துக்கொண்டது பூர்ணாவுக்காக இல்லை. அம்மாவுக்காக.

அம்மா தன் நோயை இரண்டு வருசம் ஒளித்துவைத்திருந்தாள். வெள்ளைப்படுதல் என்று பெரியம்மாவிடம் மட்டும் சொல்லியிருக்கிறாள். வெந்தயம் ஊறப்போட்டுக் குடித்தாள். மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் பட்டது. "வெயில்ல நிக்கிறோம்ல, சூடு" என்றாள். அப்புறம் வாடை வர ஆரம்பித்தது. வயலில் நடவுக்கு இறங்கும்போது அம்மா ஓரமாகத் தள்ளி நின்றுகொள்வாளாம். வரிசையில் நட்ட பொம்பளைகள் பின்னால்தான் எனக்குச் சொன்னார்கள். ஊர்த்தெருவில் நம்மைத் தள்ளி நிற்கச் சொன்னார்கள், நின்றோம். அம்மா தன் சனத்துக்கு நடுவிலேயே தானாகத் தள்ளி நின்றாள். என்னால் இதை இன்றைக்கும் சாதாரணமாக எழுத முடியவில்லை.

நான் மதுரையில் எம்.ஏ. முடித்துவிட்டு வந்த வருசம்தான் எனக்குத் தெரிந்தது. கிளம்பிப் போனோம். முதலில் பார்த்த ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டரம்மா பரிசோதித்துவிட்டுக் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "நீங்கள்லாம் சுத்தபத்தமா இருந்தா இதெல்லாம் ஏன் வருது?" அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நானும் பேசாமல் நின்றேன். எம்.ஏ. படித்த வாய்தான், திறக்கவில்லை. 'நீங்கள்லாம்' என்ற அந்தச் சொல் இருக்கிறதே, அதற்குள் எங்கள் சேரி முழுக்க இருந்தது.

இன்றைக்கு நான் படித்துத் தெரிந்துகொண்டேன். கர்ப்பப்பை வாய்ப் புற்று அழுக்கினால் வருவதில்லை. எச்.பி.வி. என்கிற வைரசால் வருகிறது. உடலுறவில் ஒட்டுகிற வைரஸ். புருசனிடமிருந்தும் வரும். மாளிகையில் இருப்பவளுக்கும் ஒட்டும், குடிசையில் இருப்பவளுக்கும் ஒட்டும். பெரும்பாலான பெண்களுக்கு அது தானாகவே போய்விடும். சிலருக்குப் போகாமல் தங்கிப் புண்ணாகி, பத்துப் பதினைந்து வருசம் கழித்துப் புற்றாகிறது. அந்தப் பத்துப் பதினைந்து வருசத்தில் ஒருமுறை யாராவது பார்த்திருந்தால் போதும், தடுத்துவிடலாம். மாளிகைக்காரியைப் பார்த்துவிடுகிறார்கள். குடிசைக்காரியைப் பார்ப்பதில்லை. வித்தியாசம் இதுதான். சுத்தபத்தம் இல்லை. அதைப் போய் அந்த டாக்டரம்மாவிடம் சொல்ல எனக்கு ஒன்பது வருசம் தாமதமாகிவிட்டது.

அப்புறம் நகரத்துப் பெரியாஸ்பத்திரி. மூன்றாம் கட்டம் என்றார்கள். ஆபரேசன் பண்ண முடியாது, 'கரண்டு' வைக்கவேண்டும் என்றார்கள். கதிரியக்கச் சிகிச்சைக்கு எங்கள் சனங்கள் வைத்த பெயர் கரண்டு. "எங்க வீட்ல கரண்டு இல்ல, எனக்குள்ள கரண்டு குடுக்குறாக" என்று அம்மா சிரித்தாள். ஐந்து வாரம் வராந்தாவில் படுத்திருந்தோம். எட்டு மாதம் நன்றாக இருந்தாள். களைவெட்டுக்குக்கூடப் போனாள். பிறகு திரும்ப வந்தது. ஆறு வாரத்தில் முடிந்துபோனது.

நெஞ்சை அறுக்கிற இன்னொரு விசயம் பிற்பாடு தெரிந்தது. எங்கள் திண்டுக்கல் மாவட்டத்திலேயே 2000 முதல் 2006 வரை இந்த நோய்க்கு உலகமே பார்த்த ஓர் ஆய்வு நடந்திருக்கிறது. முப்பதிலிருந்து ஐம்பத்தொன்பது வயதுப் பெண்கள். ஒரு பகுதியில் 49,311 பேர். அவர்களில் 31,343 பேருக்குப் பயிற்சி பெற்ற நர்சுகள் சோதனை செய்தார்கள். பெரிய எந்திரம் ஒன்றும் இல்லை. நீர்த்த அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர். கர்ப்பப்பை வாயில் அதைத் தடவி ஒரு நிமிசம் பொறுத்தால், கெட்டுப்போன இடம் வெள்ளையாகத் தெரியும். தெரிந்தால் அந்த இடத்தை உறையவைத்து அழித்துவிடலாம். இன்னொரு பகுதியில் 30,958 பெண்கள். அவர்களுக்கு இந்தச் சோதனை இல்லை, வழக்கமான வைத்தியம் மட்டும். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக. 2007இல் முடிவை வெளியிட்டார்கள். சோதனை நடந்த பக்கத்தில் நோய் நூற்றுக்கு 25 குறைந்தது. சாவு நூற்றுக்கு 35 குறைந்தது.

வினிகர்! ஊறுகாயில் ஊற்றுகிற வினிகர்!

ஒப்பிடுவதற்காக விடப்பட்ட பெண்களைப் பற்றிப் பிறகு சர்ச்சை வந்தது. மும்பை, உஸ்மானாபாத், திண்டுக்கல் ஆகிய மூன்று இடங்களில் நடந்த ஆய்வுகளையும் சேர்த்து, சோதனை இல்லாமல் விடப்பட்டவர்கள் 1,38,624 பேர், அவர்களில் 254 பேர் இந்தப் புற்றால் இறந்தார்கள் என்று 2014இல் எரிக் சூபா என்ற அமெரிக்க மருத்துவர் இந்திய மருத்துவ அறவியல் இதழில் கேள்வி எழுப்பினார். நாட்டில் இப்படி ஒரு சோதனைத் திட்டமே அப்போது இல்லை, அதனால் யாருக்கும் கிடைத்துக்கொண்டிருந்ததை நாங்கள் பறிக்கவில்லை என்பது ஆய்வு நடத்தியவர்களின் பதில். எல்லாருக்கும் இல்லாத ஒன்று இவர்களுக்கும் இல்லை என்பது ஒரு பதிலா? சேரிக்கு என்றைக்கும் சொல்லப்படுகிற பதில் அது. ஆனால் அந்த ஆய்வு நடந்திருக்காவிட்டால் வினிகரின் பலம் நமக்குத் தெரிந்தே இருக்காது. இரண்டையும் ஒன்றாக மனசில் வைத்துக்கொள்ளவேண்டியிருக்கிறது.

எங்கள் சேரிக்கு எந்த நர்சும் வினிகரோடு வரவில்லை. அம்மாவுக்கு 2000இல் முப்பத்தெட்டு வயசு.

இவ்வளவையும் சுமந்துகொண்டுதான் வசூலுக்குப் போனேன். முதலில் படித்த நண்பர்கள். ஆயிரம், ஐந்நூறு கொடுத்தார்கள். ஆறாயிரம் தேறியது. மீதிக்கு என்ன செய்வது என்று திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது சித்தி வந்து கேட்டாள். சொன்னேன். "ஒங்கம்மாவுக்காகவா ஏறுற?" என்றாள். ஆமாம் என்றேன். முந்தானையை அவிழ்த்து இருபது ரூபாய் கொடுத்தாள். மறுநாள் நூறுநாள் வேலைக்குப் போன இடத்தில் அவளே எல்லாரிடமும் சொல்லிவிட்டாள். பத்து, இருபது, ஒருத்தி ஐம்பது. ஓர் ஆயா இரண்டு முட்டையைக் கொடுத்து, "ஏறுறதுக்கு முன்னால தின்னுத்தா" என்றது. ஒரு வாரத்தில் நாலாயிரத்து இருநூற்று நாற்பது ரூபாய். நோட்டுப் போட்டு எழுதி வைத்தேன், யார் யார் எவ்வளவு என்று. அந்த நோட்டு இப்போதும் இருக்கிறது. அதில் அம்மாவோடு நடவு நட்ட பதினேழு பேர் பெயர் உண்டு.

பெரியகுளம் பக்கத்தில் கும்பக்கரை அருவி. அங்கிருந்து வெள்ளகவி வழியாக வட்டக்கானல். இதுதான் பாதை. விடிகாலையில் முப்பத்தொரு பேர் கூடினோம். 2018 மார்ச் 11இல் குரங்கணிக் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் செத்தார்களே, அதற்குப் பிறகு வனத்துறை ரொம்பக் கெடுபிடி. அனுமதிக் கடிதத்தைப் பார்த்து, தலையை எண்ணி, தீப்பெட்டி இருக்கிறதா என்று பையைத் தடவித்தான் விட்டார்கள்.

எல்லார் காலிலும் விலைகூடிய பூட்சு. என் காலில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போடுகிற கேன்வாஸ் சூ. தலைக்கு ஒரு வெள்ளைச் சட்டை கொடுத்தார்கள், 'புற்றை வெல்வோம்' என்று போட்டிருந்தது. நாலு ஆட்கள் தனியாக நின்றார்கள். அவர்களுக்குச் சட்டை இல்லை. சாப்பாட்டு மூட்டையும், தண்ணீர் கேனும், நடக்க முடியாதவர்களின் பைகளும் சுமக்க வந்தவர்கள். ஒருவருக்கு அறுபது வயசு இருக்கும். துண்டைச் சும்மாடு சுருட்டித் தலையில் வைத்து என் பைக்குக் கையை நீட்டினார். "குடுத்தா, நான் கொண்டாறேன்."

நான் கொடுக்கவில்லை. வேண்டாம் ஐயா, நானே சுமக்கிறேன் என்றேன். பெரிய காரியம் செய்ததாக ஒரு நினைப்பு. அவர் முகம் வாடிவிட்டது. கொஞ்ச தூரம் போனபிறகு பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னார்: "பைக்கு நூறு ரூவா ஆத்தா." என் மனச்சாட்சிக்கு அவருடைய நூறு ரூபாயை எடுத்துக்கொண்டிருந்தேன். பையைக் கழற்றிக் கொடுத்தேன். தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் நான் வைத்துக்கொண்டேன்.

இந்தப் பாதையின் கதை எங்கள் பாட்டி சொல்லி எனக்குத் தெரியும். 1845இல் மதுரை அமெரிக்க மிஷன் பாதிரிமார்கள் கொடைக்கானலில் முதல் பங்களாக்களைக் கட்டினார்கள். கீழே சமவெளியில் காய்ச்சலிலும் காலராவிலும் அவர்களுடைய பெண்டு பிள்ளைகள் செத்துக்கொண்டிருந்தார்கள். நோய்க்குத் தப்பி மேலே போனார்கள். 1914 வாக்கில் மோட்டார் ரோடு வருகிறவரை பெரியகுளம் பக்கத்திலிருந்துதான் ஏறவேண்டும். துரைகளும் துரைசானிகளும் குழந்தைகளும் நாற்காலியில் உட்கார, கம்பு கட்டித் தோளில் சுமந்து ஏறினார்கள் கூலி ஆட்கள். பங்களாவுக்கான பெட்டி, படுக்கை, பியானோ வரைக்கும் மனுசத் தலையும் தோளும்தான். பாட்டியுடைய தாத்தா அந்த நாற்காலிக்குத் தோள் கொடுத்தவர். தோளில் கம்பு அழுத்தி மாங்கொட்டை மாதிரி ஒரு காய்ப்பு இருக்குமாம். சாகிறவரை கரையவில்லையாம்.

கொடைக்கானலைக் 'கண்டுபிடித்த' வெள்ளைக்காரர்கள் பெயர் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. தூக்கிக்கொண்டு போனவர்கள் பெயர் எங்கே இருக்கிறது? எங்கள் ஆட்கள் மலையேறத் தெரியாதவர்கள் இல்லை. வால்பாறை, மூணாறு, மாஞ்சோலை, கடல் தாண்டி இலங்கை மலையகம் வரை தேயிலைக் கூடையைச் சுமந்து ஏறியவர்களில் மிகப்பெரும் பகுதி சேரிச் சனம்தான். நமக்கு மலை என்றால் பாரம். வெறுங்கையோடு மலையேறுவதை ஒரு சாதனையாகக் கருதுகிற இடத்தில் நாம் இதுவரை இருந்ததில்லை. அன்றைக்குத்தான் என் பரம்பரையில் முதல்முதலாக ஒருத்தி அந்தப் பாதையில் சுமையில்லாமல் ஏறினாள். சந்தோசமாக இருந்தது என்றுதான் சொல்லவேண்டும். முன்னால் அந்தப் பெரியவர் என் பையோடு ஏறிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும்.

ஏற்றம் செங்குத்து. மூச்சு இரைத்தது. தொடை நடுங்கியது. வரிசையாக எல்லாரும் என்னைத் தாண்டிப் போனார்கள். ஒரு பாறையில் உட்கார்ந்து அந்த இரண்டு முட்டையைத் தின்றேன்.

மதியத்துக்கு வெள்ளகவி வந்தது. கொடைக்கானல் உண்டாவதற்கு முந்தியே இருந்த ஊர் என்கிறார்கள். நாங்கள் போனபோது ரோடு கிடையாது. ஒரு பக்கம் ஏறினால் வட்டக்கானல், இன்னொரு பக்கம் இறங்கினால் கும்பக்கரை. காபியும் ஆரஞ்சும் போடுகிறார்கள். காபிப் பழம் பறிக்கிற சமயம். ஊர் எல்லையில் நிறுத்தி, "செருப்பக் கழட்டிருங்க" என்றார்கள்.

எனக்குப் பகீரென்றது. எங்கள் ஊரில் ஆதிக்கசாதித் தெருவில் அப்பா செருப்பைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்ததைப் பார்த்து வளர்ந்தவள் நான். இனி எவன் சொன்னாலும் செருப்பைக் கழற்றுவதில்லை என்று பதினாறு வயசில் முடிவு செய்தவள். கழற்றமாட்டேன் என்று நின்றேன். கூட வந்தவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஒரு சிறுபிள்ளை வந்து சொன்னது: "அக்கா, இங்க யாருமே போட மாட்டாக. ஊருக்குள்ள பூராம் கோயிலு." பார்த்தேன். உண்மைதான். ஊரில் ஒரு காலிலும் செருப்பு இல்லை. எங்கள் கூட்டத்து மேல்சாதிக்காரர்களும் பூட்சைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். எல்லாரும் கழற்றுகிற இடத்தில் கழற்றுவது வேறு. கழற்றினேன். ஆனாலும் அந்தத் தெருவைக் கடக்கும்வரை என் கழுத்து நிமிர்ந்தேதான் இருந்தது. பழக்கம்.

ஒரு வீட்டுத் திண்ணையில் பாட்டி ஒருத்தி வரக்காப்பி கொடுத்தாள். என் சட்டையைக் காட்டி, "என்ன தாயி எழுதியிருக்கு?" என்றாள்.

"புத்துநோய்க்குப் பணம் சேக்குறோம் பாட்டி. அதுக்காக மலை ஏறுறோம்."

பாட்டி கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாள். "நல்லாருக்கே! எங்களுக்கு நோக்காடுன்னா நாங்க எறங்குவோம். நீங்க நோக்காட்டுக்கு ஏறுறீகளா?"

அப்புறம் அவள் சொன்னாள். மருமகளுக்குப் பிரசவ வலி கண்டு, போர்வையில் டோலி கட்டி, நாலு பேர் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு போனது. ராத்திரி. மழை. காட்டுமாட்டுக்குப் பயந்து முன்னால் ஒருத்தன் தீவட்டி. தாய் பிழைத்தாள், பிள்ளை பிழைக்கவில்லை. "ஏறிப் போறதும் தூரம், எறங்கிப் போறதும் தூரம். நாங்க நடுவுல கெடக்கோம்" என்றாள்.

துரைகள் நோய்க்குப் பயந்து டோலியில் ஏறிய அதே பாதையில் இவர்கள் நோயைத் தூக்கிக்கொண்டு டோலியில் இறங்குகிறார்கள். 1845இலிருந்து எத்தனை வருசம்! தூக்குகிறவன் தோள் மட்டும் மாறவில்லை. நான் அந்தப் பாட்டியிடம், உங்கள் ஊருக்கு நர்சு வருவாங்களா, பொம்பளைகளுக்கு அந்தரங்கத்தில் சோதனை செய்வாங்களா என்று கேட்டேன். வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அங்கனயெல்லாமா பாப்பாக?"

என் அம்மாவும் அப்படித்தான் சிரித்திருப்பாள்.

சாயங்காலம் வட்டக்கானல் சேர்ந்தோம். கொடைக்கானலில் ஒரு மண்டபத்தில் கூட்டம். மேடை, பேனர், போட்டோ. நாலு லட்சத்துக்கு மேல் சேர்ந்திருப்பதாக அறிவித்தார்கள். நகரத்தில் ஓர் ஆஸ்பத்திரியில் கருவி வாங்கக் கொடுப்பார்களாம். என்னை அழைத்து, அம்மாவைப் பற்றி இரண்டு நிமிசம் உருக்கமாகப் பேசச் சொன்னார்கள். 'உருக்கமாக' என்றே சொன்னார்கள்.

நான் உருக்கமாகப் பேசவில்லை. நோட்டை விரித்துப் பெயர்களை வாசித்தேன். இவர்கள் கொடுத்த காசு நாலாயிரத்து இருநூற்று நாற்பது. நூறுநாள் வேலையில் மண் சுமந்த காசு. இந்தப் பெண்களில் ஒருத்தியைக்கூட இதுவரை யாரும் சோதித்ததில்லை. நகரத்துக் கருவி இவர்களிடம் வராது. வினிகரும் பஞ்சும் ஒரு டார்ச் லைட்டும் பழகிய ஒரு நர்சும் போதும். இவர்கள் காசில் இவர்களுக்கு அதைச் செய்யுங்கள் என்றேன். கைதட்டல் கம்மிதான். அமைப்பின் பொறுப்பாளர் ஒருவர், "நன்கொடையில் நிபந்தனை போடக்கூடாதும்மா" என்றார். தோழி என் பக்கம் நின்றாள். அவளோடு எனக்குப் பல கருத்து வேறுபாடு உண்டு. அன்றைக்கு அவள் நின்றதை மறக்கமாட்டேன்.

இரண்டு மாதம் கடிதமும் போனும். பிறகு கொரோனா வந்து எல்லாம் நின்றது. 2021 கடைசியில்தான் எங்கள் ஊருக்கு இரண்டு நர்சுகள் வந்தார்கள். அதிலும் ஒரு வில்லங்கம். முகாமை ஊர்த்தெருச் சமுதாயக் கூடத்தில் போட்டார்கள். சேரியிலிருந்து ஒருத்தியும் போகவில்லை. காலை விரித்துப் படுக்கவேண்டிய சோதனையை எவன் தெருவில் போய்ச் செய்துகொள்வாள்? மதியத்துக்கு மேல் நானும் சித்தியும் சண்டை போட்டு, சேரிச் சத்துணவுக் கூடத்துக்கு மாற்றினோம். சேலையைக் கட்டி மறைத்தோம். முதல் ஆளாகச் சித்தி போய்ப் படுத்தாள். வெளியே வந்து, "ஒண்ணுமில்லடி, எறும்பு கடிச்ச மாதிரிதான்" என்று சத்தமாகச் சொன்னாள். அப்புறம் வரிசை நின்றது. நாற்பத்தாறு பேர். மூன்று பேருக்கு வெள்ளையாகத் தெரிந்தது. மூன்று பேரையும் நானே அழைத்துக்கொண்டு போய்ச் சிகிச்சை முடித்துக் கூட்டி வந்தேன். அதில் ஒருத்தி, சத்தமாகச் சொன்ன அந்தச் சித்திதான். புற்றாகவில்லை. ஆகுமுன் பிடித்துவிட்டோம்.

மூத்த தோழருக்கு இப்போது என்ன பதில் சொல்வேன்? ஆஸ்பத்திரியை வரிப்பணத்தில்தான் கட்டவேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் தங்கையைப் புற்றுக்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, சனங்களிடம் பணம் திரட்டித்தான் 1954இல் அடையாறில் புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். திரட்டுவது கேவலமில்லை. திரட்டிய காசு எந்தத் தெருவரைக்கும் நடந்து போகிறது என்று கடைசிவரை கேட்கவேண்டும், அவ்வளவுதான். அரசாங்கத்தையும் விடக்கூடாது. முப்பது வயசு தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இந்தச் சோதனை செய்யவேண்டும் என்பது தமிழ்நாட்டில் அரசுத் திட்டம்தான். எங்கள் பெண்கள் அதை உரிமையாகப் போய்க் கேட்கவேண்டும். 2020இல் மட்டும் இந்தியாவில் எழுபத்தேழாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள் இந்தப் புற்றால் இறந்திருப்பார்கள் என்று உலக நலவாழ்வு நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை மதிப்பிடுகிறது. தடுக்க முடிந்த சாவுகள். இதை வாசிக்கிற தோழர்கள் தங்கள் அம்மாவிடம், அத்தையிடம், மனைவியிடம் வெட்கப்படாமல் கேளுங்கள். ஆண் தோழர்களும்தான். சாதி ஒழிப்புப் பேசுகிற வாய்க்கு வெள்ளைப்படுதல் என்ற சொல் வரக் கூசக்கூடாது.

எங்கள் சேரியில் செய்ததை வெள்ளகவியில் இன்னும் செய்யவில்லை. அந்தப் பாட்டிக்கு நான் கடன்பட்டிருக்கிறேன். அடுத்த முறை ஏறும்போது சட்டையில் எழுத்து வேண்டாம். பழகிய நர்சு ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு, வினிகர்ப் பாட்டிலை என் பையில் வைத்து, அந்தப் பையை நானே சுமந்துகொண்டு போகவேண்டும். பெரியவருக்கு அவருடைய நூறு ரூபாயைத் தனியாகக் கொடுத்துவிடலாம்.